தாம்பரம் பக்கம் பால்வாடியும் அரசு எல்.கே.ஜி.யும்: மூன்று வருடம் பிள்ளைகளை அனுப்பிப் பார்த்ததில்

கிழக்குத் தாம்பரம் பக்கம் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. பெரியவள் இப்போது ஓர் அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் யு.கே.ஜி. படிக்கிறாள், சின்னவன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பால்வாடிக்குப் போகிறான். அபார்ட்மெண்ட்டில் யாரிடம் சொன்னாலும் முதலில் வருவது, "பால்வாடியா? அங்க என்ன சொல்லித் தருவாங்க?" என்ற கேள்விதான். கேட்பவர்களில் பலர் ஒரு பால்வாடிக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. 2023 வரை நானும் போனதில்லை. அதனால் மூன்று வருடமாகப் பார்த்ததை, நல்லதும் கெட்டதும், அப்படியே எழுதுகிறேன். மையங்களின் பெயரையும் தெருவையும் போடவில்லை. குறை என்று நான் சொல்பவற்றில் பாதிக்கு மேல் அங்கே வேலை பார்க்கும் பெண்களின் கையில் இல்லாதவை, அவர்களுக்கு என்னால் ஒரு மெமோ வரக்கூடாது.

இந்தப் பக்கம் அரசு வழியில் என்னென்ன இருக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்று, அங்கன்வாடி. பெயர்ப் பலகையில் குழந்தைகள் மையம் என்று இருக்கும், வாயில் வருவது பால்வாடிதான். 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் வெறும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,439 மையங்களாக இருக்கிறது. இரண்டு வயது முடிந்தால் சேர்த்துக்கொள்வார்கள், ஒரு பைசா கட்டணம் கிடையாது. இரண்டாவது, 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் தொடங்கிய எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள். மூன்றாவது, கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் கிடைக்கும் 25 சதவீத இலவச இடம், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

2023 ஜூனில் மூன்று பால்வாடிகளுக்கு நடந்தே போய்ப் பார்த்தேன். முதலாவது ஒரு வாடகை வீட்டின் முன்னறை. புறநகரில் இது சகஜம், இங்கே இடத்துக்கு இருக்கும் விலையில் சொந்தக் கட்டடம் எல்லா மையத்துக்கும் அமைவதில்லை. அறையில் பாதி இடத்தைச் சத்துமாவு மூட்டைகளும் அரிசியும் பிடித்திருந்தன, மீதியில் எட்டுப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், விளையாட வெளியே இடமே இல்லை, வாசலைத் திறந்தால் வண்டி போகிற தெரு. ஆயா அன்பாகப் பேசினார். ஆனால் டீச்சர் இல்லை. அவர் வேறொரு மையத்தையும் சேர்த்துக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார், இன்றைக்கு அங்கே இருக்கிறார் என்றார். இரண்டாவது மையம் பூட்டியிருந்தது. கூட்டம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். மூன்றாவதுதான் எங்களுடையது. சொந்தக் கட்டடம், சுவரில் அ முதல் ஃ வரை எழுத்துகள், யானை, மயில், காய்கறிப் படங்கள், பின்பக்கம் ஒரு முருங்கை மரம், சின்னதாக ஒரு சறுக்குமரம். நான் போனபோது மணி பத்தே முக்கால் இருக்கும். டீச்சர் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு துணிப் பையிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து, "இது உருண்டையா, சதுரமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார், பதினேழு பிள்ளைகளும் கத்திக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் கொடுத்துச் சேர்த்துவிட்டேன்.

சாப்பாட்டை முதலில் பாராட்ட வேண்டும். வாரத்தில் மூன்று நாள் முட்டை, ஒரு நாள் பயறோ கொண்டைக்கடலையோ, ஒரு நாள் உருளைக்கிழங்கு, இவற்றோடு கலவை சாதம். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். என் மகள் வீட்டில் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்புவாள், ஒரு கிண்ணம் பருப்பு சாதத்துக்கு ஒன்றரை மணிநேரம் மாடியில் நிலா காட்டி ஊட்டியிருக்கிறேன். அங்கே போன மூன்றாவது வாரம் ஆயா சொன்னார், "முட்டையை முழுசா சாப்பிட்டுட்டு இன்னொன்னு கேக்குறா." என்னால் நம்ப முடியவில்லை, ஒரு நாள் ஜன்னல் பக்கம் நின்று பார்த்தேன். வரிசையாக உட்கார்ந்த பதினேழு பேரும் தங்கள் தட்டில் தாங்களே பிசைந்து சாப்பிட்டார்கள், கீழே சிந்தியதை அவர்களே பொறுக்கினார்கள். அந்தக் காட்சிக்காகவே நான் இந்த மையத்துக்குக் கடன்பட்டிருக்கிறேன். வருடத்துக்கு 80 ஆயிரம் கேட்ட ஒரு ப்ளே ஸ்கூலில் டிபன் பாக்ஸ் நாங்கள்தான் கட்டிக்கொடுக்க வேண்டும், அதிலும் என்னென்ன கொண்டுவரக் கூடாது என்று ஒரு பட்டியல் வேறு கொடுத்தார்கள்.

எடை, உயரம் மாதாமாதம் பார்க்கிறார்கள். நர்ஸம்மா வந்து தடுப்பூசி அட்டையைச் சரிபார்க்கிறார். எங்கள் மையத்தில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற எடை இல்லாமல் இருந்ததை டீச்சர்தான் முதலில் கண்டுபிடித்தார். அப்பா அம்மா இருவரும் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். மருத்துவரிடம் அனுப்பிவைத்து, 2022இல் வந்த ஊட்டச்சத்தை உறுதி செய் திட்டத்தில் பெயர் சேர்த்து, நான்கைந்து மாதத்தில் அந்தப் பையன் தெம்பாக ஓட ஆரம்பித்ததை என் கண்ணால் பார்த்தேன். பால்வாடியை ஏ, பி, சி, டி சொல்லித்தருகிறதா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போடுகிறவர்களுக்கு இந்த வேலை கண்ணில் படாது.

சரி, படிப்புக்கு வருகிறேன். பாட்டு, கதை, நிறம், வடிவம், பொருள்களை இனம் பிரிப்பது, மணி கோர்ப்பது, களிமண் உருட்டுவது, இப்படித்தான் போகும். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு தலைப்பு வைத்திருக்கிறார்கள். காய்கறி மாதத்தில் பிள்ளைகளைத் தெருமுனைக் காய்கறி வண்டிவரை கூட்டிப்போனார்கள், என் மகள் அன்றிலிருந்து புடலங்காயையும் சுரைக்காயையும் சரியாகச் சொல்கிறாள். எழுத வைப்பதில்லை. எங்கள் எதிர் ஃப்ளாட் பிள்ளை அதே வயதில் தனியார் பள்ளியில் நூறுவரை எழுதுவான், இரவு ஒன்பது மணிக்கு அழுதுகொண்டே எழுதுவான். மூன்று வயதுக் கைக்கு பென்சில் பிடிக்கிற தெம்பே சரியாக வந்திருக்காது, இந்த விஷயத்தில் பால்வாடி செய்வதுதான் சரி என்று எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

ஆனால் இதெல்லாம் டீச்சர் பிள்ளைகளோடு இருக்கும் நாளில்தான். எல்லா நாளும் அப்படி இருக்காது. அந்த டீச்சர் ஒரு நாளில் என்ன செய்கிறார் என்று ஒரு முறை பக்கத்தில் இருந்து பார்த்தேன். காலையில் வருகைப் பதிவு, போஷன் ட்ராக்கர் செயலியில் ஏற்றுவது, அது சுற்றிக்கொண்டே இருப்பது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு பாக்கெட் கொடுப்பது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுப்பது, பதிவேடுகள், மாதக் கூட்டம், வீடு வீடாகக் கணக்கெடுப்பு. 2025 ஜூலையிலிருந்து சத்துமாவு வாங்க வருகிறவர்களின் முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். போன் பழசு, சிக்னல் குறைவு, வாசலில் ஐந்து தாய்மார்கள் வெயிலில் நிற்க, உள்ளே பிள்ளைகள் ஆயாவோடு. ஆயா ஒரு கையில் கரண்டியோடு சமையலையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக 2025 நவம்பர். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நவம்பர் 4 அன்று தொடங்கியது, எங்கள் டீச்சர்தான் வாக்குச்சாவடி நிலை அலுவலர். ஒரு மாதத்துக்கு மேல் படிவங்களைத் தூக்கிக்கொண்டு மாடிமாடியாக ஏறினார். சின்னவன் அந்த ஜூனில்தான் சேர்ந்திருந்தான், அப்போதுதான் அழுகை நின்று பாட்டெல்லாம் பாட ஆரம்பித்திருந்தான். அந்த மாதம் முழுவதும் அங்கே நடந்தது சாப்பாடும் தூக்கமும் மட்டுமே. டிசம்பர் நடுவில் டீச்சரைப் பார்த்தபோது கால் வீங்கியிருந்தது. யார்மேல் கோபப்படுவது? அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று வயதுப் பிள்ளைகளின் வகுப்பிலிருந்து இருக்கும் ஒரே டீச்சரை ஒரு மாதம் எடுத்துவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது என்று நினைக்கிற அந்த நினைப்பின்மேல்தான் வந்தது.

இதைப் பற்றித் தேடியபோது ஓர் ஆய்வு கண்ணில் பட்டது, அது தமிழ்நாட்டிலேயே செய்தது. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவரோடு இரண்டு ஆய்வாளர்களும் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, அவற்றில் பாதியில் மட்டும் முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரைப் போட்டுப் பார்த்தார்கள். கூடுதல் ஆள் இல்லாத மையங்களில் பாடம் நடந்தது நாளுக்குச் சுமார் 40 நிமிடம்தான். ஆள் போட்ட மையங்களில் அது இரட்டிப்பானது, ஒன்றரை வருடத்தில் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். படிப்பு மட்டுமா என்றால் இல்லை, வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் அந்த மையங்களில் குறைந்தார்கள், ஏனென்றால் பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்தது. போட்டது ஒரே ஒரு ஆள், அதுவும் அரைநாளுக்கு. செலவைவிடப் பலன் பல மடங்கு என்று கணக்கும் காட்டியிருக்கிறார்கள். எங்கள் மையத்தில் டீச்சர் உட்கார்ந்து பாடும் நாளையும் போனோடு வாசலில் நிற்கும் நாளையும் மாறிமாறிப் பார்த்த எனக்கு இந்த முடிவு ஆச்சரியமாக இல்லை. கூடுதல் ஆள் இருக்கட்டும், இருக்க வேண்டிய ஆளே பல இடங்களில் இல்லை. 2025இல் மாநிலம் முழுவதும் நிரப்புவதாக அறிவித்த அங்கன்வாடிக் காலியிடங்கள் மட்டும் 7,783. நான் பார்த்த முதல் மையத்தில் டீச்சர் இரண்டு இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்ததன் காரணம் இதுதான்.

அடுத்து எல்.கே.ஜி. 2024 ஜூனில் மகளை நடுநிலைப் பள்ளி வளாகத்துக்கு மாற்றினோம். பெரிய வேப்பமரம், மைதானம், மேலே எட்டாம் வகுப்புவரை பெரிய பிள்ளைகள். காலையிலிருந்து மதியம்வரை எல்.கே.ஜி. மிஸ் எடுக்கிறார், அதன்பிறகு அங்கன்வாடி டீச்சரும் ஆயாவும் பார்த்துக்கொள்கிறார்கள். அதாவது அந்த ஆய்வு சொன்ன கூடுதல் ஆள் இங்கே இருக்கிறார். வித்தியாசம் முதல் மாதத்திலேயே தெரிந்தது. மிஸ் இருக்கும் நாளில் வகுப்பு தவறாமல் நடக்கிறது. தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கிறாள், ஆங்கில எழுத்துகளின் ஒலியைச் சொல்லிச் சின்னச் சொற்களை வாசிக்கிறாள், இருபதுக்குள் கூட்டல் விரல் வைத்துச் செய்கிறாள், யாரைப் பார்த்தாலும் கூச்சமில்லாமல் பேசுகிறாள். எதிர் ஃப்ளாட் பையனோடு ஒப்பிட்டால் ஆங்கிலத்தில் வாக்கியமாகப் பேசுவதில் இவள் பின்னால்தான் இருக்கிறாள், அதை மறைக்க வேண்டியதில்லை. கதை சொல்லச் சொன்னால் இவள் கால் மணிநேரம் சொல்வாள்.

ஆனால் இந்த வகுப்புகளின் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. தொடங்கியபோது இடைநிலை ஆசிரியர்களை இங்கே மாற்றினார்கள், அவர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2022 ஜூனில் பள்ளிக் கல்வித் துறை இனி இந்த வகுப்புகளை நடத்தாது என்று செய்தி வந்தது, பெற்றோர் எதிர்ப்புக்குப் பிறகு தொடரும் என்றார்கள், பிறகு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்களைப் போட முடிவு செய்தார்கள். ஐயாயிரம் ரூபாய். தாம்பரத்தில் ஒரு சின்ன அறைக்கு அதைவிட வாடகை அதிகம். மகளுக்கு முதலில் வந்த மிஸ் ஆசிரியர் பயிற்சி முடித்தவர், பொம்மலாட்டம்கூடச் செய்வார், எட்டு மாதத்தில் ஒரு தனியார் பள்ளிக்குப் போய்விட்டார். போகும்போது அழுதார். அடுத்தவர் வர ஐந்து வாரம் ஆனது, அந்த ஐந்து வாரமும் மகள் காலையில் பையை மாட்டிக்கொண்டு "இன்னைக்கு மிஸ் வருவாங்களா?" என்று கேட்பாள். இப்போது இருப்பவரும் நல்லவர்தான். எத்தனை நாள் இருப்பார் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

வசதிகள் பற்றிச் சுருக்கமாக. பள்ளி வளாகத்தில் கழிப்பறை பெரிய பிள்ளைகளின் அளவில் இருக்கிறது, குட்டிப் பிள்ளைகளை ஆயா கூட்டிப்போனால்தான் முடியும். பால்வாடியில் குழந்தை அளவிலேயே இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது. குடிநீர்க் கேன் இரண்டு இடத்திலும் உண்டு, இருந்தாலும் நான் பாட்டில் கொடுத்து அனுப்புகிறேன். வண்ணச் சீருடை இரண்டு செட் கொடுத்தார்கள், தையல் சுமார், துணி நன்றாகவே இருந்தது. மழைக்காலம்தான் கஷ்டம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பால்வாடி வாசல்வரை தண்ணீர் வந்து, வடிந்த பிறகும் தரை ஈரம் காயப் பல நாள் ஆனது.

வேலைக்குப் போகிற பெற்றோருக்குப் பெரிய குறை நேரம். மூன்றரை மணிக்குப் பிள்ளையை அழைத்துவர ஆள் வேண்டும். எங்களுக்கு மாமியார் இருக்கிறார், அதனால் ஓடுகிறது. இருவரும் ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்த்து, வீட்டில் பெரியவர்கள் இல்லாத குடும்பத்துக்கு இது ஒத்துவராது, அவர்கள் ஐம்பதாயிரம் எண்பதாயிரம் என்று கொட்டி டே கேர் உள்ள இடத்தைத் தேடுவதற்குக் காரணம் பெரும்பாலும் படிப்பு இல்லை, மாலை ஆறு மணிவரை பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான். ஒரே ஒரு பால்வாடியை ஆறு மணிவரை திறந்துவைத்தால் இந்தத் தெருக்களிலிருந்தே முப்பது பிள்ளைகள் வருவார்கள், என்னிடம் கேட்டவர்களை வைத்துச் சொல்கிறேன். இன்னொரு பக்கம், மே மாதத்தில்கூட பால்வாடிக்குச் சுமார் பதினைந்து நாள்தான் விடுமுறை, அது எங்களுக்குப் பெரிய உதவி.

கல்வி உரிமைச் சட்ட இடத்தைப் பற்றி. எங்கள் தளத்திலேயே ஒரு குடும்பத்துக்கு 2024இல் குலுக்கலில் கிடைத்தது. கட்டணம் இல்லை என்றாலும் புத்தகம், சீருடை, விழா என்று வருடத்தில் பல தடவை பணம் கட்டச் சொல்கிறார்கள் என்று அந்த அக்கா சொல்கிறார், ரசீது எப்போதும் வருவதில்லையாம். 2025-26இல் மத்திய நிதி வராத இழுபறியில் சேர்க்கையே அக்டோபருக்குத் தள்ளிப்போனது. ஜூனில் பள்ளி திறந்து பாதி வருடம் ஓடிய பிறகு யார் காத்திருப்பார்கள்? இதை நம்பி வேறு எதிலும் சேர்க்காமல் இருக்காதீர்கள்.

நீங்கள் பார்க்கப் போவதாக இருந்தால் காலை பத்தரை மணிக்கு, சொல்லாமல் போங்கள். டீச்சர் எங்கே இருக்கிறார், தரையிலா, மேஜையிலா, வாசலிலா என்று பாருங்கள். அவரிடம் இன்னொரு மையத்தின் கூடுதல் பொறுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், மறைக்க மாட்டார்கள். பொம்மைகள் அலமாரியில் பாலிதீன் உறையோடு இருக்கின்றனவா, அழுக்காகி உடைந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள், உடைந்து கிடந்தால் நல்லது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று அர்த்தம். ஒரு பிள்ளை அழுதால் யார் தூக்குகிறார்கள் என்று பாருங்கள். எங்கள் ஆயா தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே சாம்பார் தாளிப்பார். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது சரியில்லை என்றால் அடுத்ததையும் போய்ப் பாருங்கள், ஒன்றை வைத்து எல்லாவற்றையும் எடைபோட முடியாது என்பதை அந்த முதல் நாளிலேயே தெரிந்துகொண்டேன்.

மகளை வரும் ஜூனில் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம், ஆங்கில வழிப் பிரிவும் அங்கே இருக்கிறது. சின்னவன் பால்வாடியில் தொடர்கிறான். டீச்சர் திரும்பி வந்த முதல் நாள் அவன் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு புதுப் பாட்டை முழுசாகப் பாடிக் காட்டினான். எங்கள் பள்ளியில் எல்.கே.ஜி.க்கு இடம் இருக்கிறது, வகுப்பில் இருபத்திரண்டு பேர்தான், ஜூன் முதல் வாரத்திலேயே போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் மிஸ்ஸை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார்.